உதவியிலிருந்து உரிமைக்கு

சேலம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசுக்குப் பெயர் பெற்றது. பட்டறையில் வேலை குறைந்தால் கூலியும் குறையும். அம்மாதங்களில் ஏழைக் குடும்பங்கள் பலவற்றுக்கு அரசு தரும் மாதத்தொகையே அரிசியாகிறது.

அத்தொகைக்கும் ஒரு வரலாறு உண்டு. காமராசர் முதலமைச்சராயிருந்த 1962-இல், ஆதரவற்ற முதியோருக்கு மாதம் 20 ரூபாய் உதவித்தொகை வழங்கப்பெற்றது. 2011-இல் அது 1,000 ரூபாயாகவும், 2023-இல் 1,200 ரூபாயாகவும் உயர்ந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 15-இல் குடும்பத் தலைவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் திட்டமும் தொடங்கிற்று. அதற்கு இடப்பட்ட பெயர் 'உரிமைத் தொகை'.

அறுபது ஆண்டுகளில் 'உதவி' என்ற சொல் 'உரிமை'யாக வளர்ந்துள்ளது. நம் மனமும் அவ்வாறு வளர்ந்துள்ளதா? அண்டை வீட்டாராகிய நாம் படிவம் நிரப்பித் தருவோம். தாலுகா அலுவலகத்திற்கு உடன் செல்வோம். உரிமையைப் பெறச் சென்றவர் தலைகுனிந்து திரும்பலாகாது.