அக்கரையில் ஓர் எல்லை நகரம்



பினாங்கு என்றதும் நம் பிள்ளைகள் பெர்ரி, மலை ரயில், தண்ணீர்மலைத் தைப்பூசம் என்று விரல் மடக்குவார்கள். எல்லாம் தீவில் உள்ளவை. இன்று நாம் பேசப் போவது இக்கரையைப் பற்றி. மலாய் மொழியில் 'செபராங்' என்றால் அக்கரை. தீவிலிருந்து பார்ப்பவர்களுக்கு நாம்தான் அக்கரை! பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜாம், நிபோங் தெபால், செபராங் ஜெயா எல்லாம் அடங்கிய செபராங் பிறை, 2019ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் நாள் மாநகரத் தகுதி பெற்றது.

பிரான்சிஸ் லைட் 1786இல் தீவில் கொடியேற்றினார். இக்கரை அப்போது கெடா சுல்தானிடமே இருந்தது. 1800இல் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி மூடா ஆற்றுக்கும் கிரியான் ஆற்றுக்கும் இடைப்பட்ட கரையோரம் கம்பெனியாருக்குக் கைமாறியது. அப்போது இந்தியாவில் கவர்னர் ஜெனரலாக இருந்த வெல்லெஸ்லியின் பெயரை இதற்கு வைத்தார்கள்.

மூடா ஆறு இன்று இரு மாநிலங்களைப் பிரிக்கிறது, அவ்வளவுதான். அன்று அப்படியல்ல. 1821இல் சயாம் படை கெடாவைப் பிடித்தபோது, ஆயிரக்கணக்கான மக்கள் மூட்டை முடிச்சுகளோடு ஆற்றைக் கடந்து இங்கே தஞ்சம் புகுந்தார்கள். கெடா மீதிருந்த உரிமையைச் சயாம் பிரிட்டிஷாருக்கு விட்டுக்கொடுத்தது 1909இல்தான். அதுவரை இந்த ஆறு இரண்டு வல்லரசுகளின் செல்வாக்கைப் பிரித்த எல்லை.

பார்க்க வேண்டியவற்றில் நாம் முதலில் சொல்வது புக்கிட் மெர்தாஜாமில் செரோக் தோக்குன் கல்லை. ஜூலைத் திருவிழாவுக்குப் பெருங்கூட்டம் திரளும் புனித அன்னாள் தேவாலய வளாகத்தில்தான் இருக்கிறது. பழைய தென்னிந்திய எழுத்து பொறித்த பாறை. ஜேம்ஸ் லோ என்ற பிரிட்டிஷ் அதிகாரி 1845இல் இதைக் கண்டறிந்தார். மாணவர்களை அங்கே அழைத்துச் சென்றிருந்தோம். "சார், இது தமிழா?" என்று ஒரு சிறுமி கேட்டாள். ஆம் என்று சொல்ல ஆசைதான். ஆனால் பாடம் நடத்துபவர் ஆசைக்காகப் பேசக்கூடாது. எழுத்து நம் பக்கத்து எழுத்தின் உறவு, மொழி வேறு என்றோம்.

இதே லோ 1834இல் இந்தப் பகுதியில் இன்னொரு கல்லைக் கண்டெடுத்தார். புத்தகுப்தன் என்ற மாலுமி, தன் கடற்பயணம் கைகூட வேண்டும் என்று சமஸ்கிருதத்தில் பொறித்த, ஏறத்தாழ ஐந்தாம் நூற்றாண்டுக் கல் அது. இப்போது கல்கத்தா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கல் இங்கிருந்து கப்பலேறிப் போயிற்று; நம்மவர் அங்கிருந்து கப்பலேறி வந்தார்கள்.

ஆம், பால் மரத்துக்கு முன் இந்த மண்ணில் விளைந்தது கரும்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பத்து காவானிலும் நிபோங் தெபால் பக்கத்திலும் சீனித் தோட்டங்கள் எழுந்தன. நாகப்பட்டினத்தில் கப்பலேறி, ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்து வந்தவர்கள் அங்கே கரும்பு வெட்டினார்கள். அந்த ஒப்பந்த முறை 1910இல் ஒழிந்தது. சீனி போய் ரப்பர் வந்தது, ரப்பர் போய்த் தொழிற்சாலையும் வீடமைப்பும் வந்தன. தீவையும் இக்கரையையும் இணைத்துப் பாலம் திறந்தது 1985இல். செபராங் ஜெயாவில் அடுக்குமாடிகள் எழுந்தன.

மாலுமிக்குக் கல் உண்டு, கவர்னருக்கு ஊர்ப் பெயரே உண்டு. கரும்பு வெட்டியவர்களின் பெயர் பொறித்த கல் எதையும் நாம் பார்த்ததில்லை. ஆகையால் ஒரு வேண்டுகோள். லயத்தை விட்டு அடுக்குமாடிக்குக் குடிபோகும்போது தாத்தாவின் தகரப் பெட்டியைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். அதில் பழைய பாஸ், ரஜூலா கப்பல் சீட்டு, கூலிச் சீட்டு ஏதும் இருக்கலாம். நம் பள்ளி மாணவர் ஒருவர் வீட்டில் அப்படியொரு பெட்டி போய்விட்டது. பாட்டி எந்த ஊரிலிருந்து வந்தார் என்று சொல்ல இப்போது அங்கே ஆளில்லை.

பள்ளி விடுமுறையில் புறப்படுங்கள். காலையில் செரோக் தோக்குன் கல், பிறகு செபராங் ஜெயா கருமாரியம்மன் கோயில், மாலையில் பட்டர்வொர்த் போய்ப் பெர்ரி. தீவில் 1833இல் எழுந்த குவீன் ஸ்திரீட் மாரியம்மன் கோயில் இருக்கிறது. திரும்பும்போது பெர்ரியில் இக்கரையைப் பார்த்தபடி நில்லுங்கள். தாத்தா கப்பலிலிருந்து கண்ட கரை எது என்று பிள்ளைகள் கேட்பார்கள்.