தறியும் சிலம்பும்

பட்டுத் தறியின் ஓசை கேட்கும் ஆரணியிலிருந்து கல்வி வரலாற்றை நோக்குங்கால், நம் நினைவில் முதலில் எழுபவர் ம.பொ.சிவஞானம். 1906இல் சென்னையில் பிறந்த அவர், வறுமையால் மூன்றாம் வகுப்போடு பள்ளியை நீங்கினார். நெசவு செய்தார், பின்னர் அச்சகத்தில் எழுத்துக் கோத்தார். அறிஞர்தம் சொற்பொழிவுகளும் பழைய புத்தகக் கடைகளுமே அவருக்குப் பள்ளியாயின. 1942 போராட்டத்தில் சிறை புகுந்த காலத்தில் சிலப்பதிகாரத்தில் தோய்ந்தார். பின்னாளில் ‘சிலம்புச் செல்வர்’ ஆனார். ‘வள்ளலார் கண்ட ஒருமைப்பாடு’ நூலுக்காக 1966இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார்.

இதைக் காட்டிப் பள்ளியே வேண்டா என்பார் உளர். நாம் அதற்கு உடன்படோம். அவர் பள்ளியை விலக்கவில்லை. வறுமைதான் அவரை விலக்கியது. ஆர்வம் ஒருவரைக் கரையேற்றியது உண்மை. ஆயின், தறிக்குழியிலேயே தங்கிவிட்ட பிள்ளைகளை வரலாறு எழுதவில்லை. அவர்களையும் சேர்த்தே நாம் அவரைப் போற்ற வேண்டும்.