கணக்கு வகுப்பில் பிறந்த நட்சத்திரம்

நம் சங்கச் செயலாளர் போன் பண்ணி, "அண்ணே, மலருக்கு ஒரு கட்டுரை வேணும். எல்லாரும் விடுதிக் கதையே எழுதுறாங்க, நீங்களாவது சரித்திரமா ஏதாச்சும் எழுதுங்க" என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். ஆனால் யோசித்துப் பார்த்தால் நான் எழுதப் போவதும் ஒரு விடுதிக் கதைதான். நம் விடுதி அல்ல, ஜெர்மனியில் நீஸ்கி என்ற சிற்றூரில் இருந்த பள்ளி விடுதி.

டிசம்பர் பிறந்தால் நம் விடுதி மொட்டை மாடியில் மூங்கில் பிளந்து நட்சத்திரம் கட்டுவோமே, நண்பர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒரே அளவில் இரண்டு நட்சத்திரம் கட்டி, ஒன்றன் மேல் ஒன்று வைத்து முனைகளைச் சேர்த்துக் கட்டி, உள் மூலைகளில் ஐந்து குட்டைக் குச்சிகளை முட்டுக் கொடுத்தால் வயிறு உப்பிக்கொண்டு நிற்கும். மைதாப் பசை, பட்டம் விடுகிற காகிதம், உள்ளே ஒரு ஜீரோ வாட் பல்பு. அவ்வளவுதான். கிறிஸ்துமஸ் நட்சத்திரம் என்றால் ஐந்து முனை என்றே அறுபது வயது வரை நினைத்திருந்தேன்.

2018 டிசம்பரில் டிரெஸ்டன் நகரில் வேலை பார்க்கும் மகன் வீட்டுக்குப் போனேன். அங்கே சன்னலுக்குச் சன்னல் தொங்கிய நட்சத்திரம் வேறு மாதிரி இருந்தது. சுற்றிலும் முனைகள், நம் ஊர் ஊமத்தங்காய் மாதிரி! ஒன்றின் கீழே நின்று எண்ணினேன். 25 முனை. "இதுக்குப் பேரு ஹெர்ன்ஹூட் நட்சத்திரம்ப்பா" என்றான் மகன். பிறகு ஹெர்ன்ஹூட்டுக்கே கூட்டிப் போனான்.

1722ல் மொராவியாவிலிருந்து மத நெருக்கடி தாங்காமல் ஓடிவந்தவர்களுக்கு சின்சென்டார்ஃப் என்ற பிரபு தன் நிலத்தில் இடம் கொடுத்தார். அப்படி உண்டான ஊர்தான் ஹெர்ன்ஹூட். மொராவிய சகோதரர்கள் என்று பெயர் பெற்ற இந்தச் சிறு கூட்டம் பத்தே ஆண்டில் கடல் தாண்டி ஊழியத்துக்குக் கிளம்பிவிட்டது. 1732ல் மேற்கிந்தியத் தீவுகள், 1733ல் கிரீன்லாந்து, பின்னால் சூரிநாம், லாப்ரடார், தென்னாப்பிரிக்கா. நம் தரங்கம்பாடிக்கும் 1760ல் வந்தார்கள். நிக்கோபார் தீவுகளுக்குப் போவதுதான் அவர்கள் நோக்கம். அங்கே காய்ச்சல் பலரைக் கொண்டுபோயிற்று. தரங்கம்பாடியையும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விட்டுப் போய்விட்டார்கள். நட்சத்திரம் பிறந்தது அதற்குப் பிறகு. ஆகவே அதை அவர்கள் நமக்குக் கொண்டுவந்தார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஊழியர்களின் குழந்தைகள் என்ன ஆனார்கள்? படிப்பதற்காகச் சிறு வயதிலேயே கப்பல் ஏற்றி ஜெர்மனிக்கு அனுப்பப்பட்டார்கள். நீஸ்கி பள்ளி விடுதியில் அப்படிப்பட்ட பையன்கள் இருந்தார்கள். அம்மா அப்பா கிரீன்லாந்தில். கடிதம் வந்து சேர மாதக் கணக்காகும். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கே கணித ஆசிரியர் ஒருவர், திண்ம வடிவங்களைப் புரியவைக்கக் காகிதத்தில் முனைகளைச் செய்து ஒட்டச் சொன்னார். அதுவே நட்சத்திரமாயிற்று. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாலு ஞாயிறுகளில் முதல் ஞாயிறன்று அதைச் செய்வது விடுதி வழக்கமாயிற்று. பள்ளியின் ஐம்பதாவது ஆண்டு விழாவுக்கு 110 முனை வைத்த நட்சத்திரத்தைக் கட்டித் தொங்கவிட்டார்களாம். நம் பொன்விழாவுக்கு நாம் சீரியல் பல்புதான் கட்டினோம்.

கணக்குப் பாடம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், நட்சத்திரத்தின் உடம்பு 26 முகம் கொண்ட ஒரு திண்மம். 18 சதுரம், 8 சமபக்க முக்கோணம். எல்லா விளிம்பும் ஒரே நீளம். ஆர்க்கிமிடீஸ் பெயரால் வழங்கும் 13 வடிவங்களில் ஒன்று. கெப்ளர் 1619ல் வெளியிட்ட தம் நூலில் இதற்கு வாயில் நுழையாத ஒரு பெயரும் வைத்தார். ஒவ்வொரு முகத்தின் மேலும் ஒரு கூம்பை நட்டால் நட்சத்திரம். ஒரே ஒரு சதுரத்தை மட்டும் பல்புக்கும் கயிற்றுக்கும் விட்டுவிடுவார்கள். அதனால்தான் 25.

இதை வெளியூர்களுக்குப் பரப்பியவர் ஒரு பழைய மாணவர்! அதே பள்ளியில் படித்த பீட்டர் வெர்பேக் 1880 வாக்கில் தம் புத்தகக் கடையில் நட்சத்திரத்தையும் செய்முறைத் தாளையும் விற்க ஆரம்பித்தார். அந்தக் குடும்பம் பின்னர் ஹெர்ன்ஹூட்டில் தொழிற்சாலையே வைத்தது. இரண்டாம் உலகப் போரின் முடிவில் அது சேதமாயிற்று. 1950களில் கிழக்கு ஜெர்மனி அரசு கொஞ்ச காலம் எடுத்துக்கொண்டு, பிறகு சபையின் கம்பெனியிடமே கொடுத்தது. இன்றும் செய்கிறார்கள். 2024ல் ஹெர்ன்ஹூட் ஊரே யுனெஸ்கோ பட்டியலில் ஏறிவிட்டது.

பிரிவுத் துயரில் இருந்த குழந்தைகளுக்கு நட்சத்திரம் ஆறுதல் தந்தது என்றுதான் இந்தக் கதையை வழக்கமாகச் சொல்கிறார்கள். அதைக் கேட்டபோது எனக்கு ஒட்டவில்லை. பத்து வயதுப் பையனுக்குக் காகிதம் என்ன ஆறுதல் தரும்? இதைச் சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு. 1984ல் நான் குவைத்துக்குப் போனபோது ஏழு வயது மகனை ஒரு விடுதிப் பள்ளியில் விட்டுவிட்டுத்தான் போனேன். லீவுக்குப் பாட்டி வீட்டுக்குப் போவான். நாங்கள் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவோம், அதுவும் டிசம்பரில் லீவு கிடைத்தால்தான். அந்த நாட்களைப் பற்றி அவன் ஒருநாளும் குறை சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

மறு வருஷம் டிசம்பரில் அவர்கள் ஊருக்கு வந்தபோது பேத்திகளோடு நட்சத்திரம் செய்ய உட்கார்ந்தேன். பெரியவளுக்கு எட்டு, சின்னவளுக்கு ஐந்து. கெட்டியான சார்ட் பேப்பர். அடிப்பக்கம் 5 செ.மீ., உயரம் 15 செ.மீ. வரும்படி முக்கோணங்களை விசிறி போல ஒட்டியொட்டி வரைந்து வெட்டினேன். பதினேழுக்கு நாலு முக்கோணம், எட்டுக்கு மூன்று. பசை தடவ ஓரம் விட மறக்கக் கூடாது. நான் முதல் ஆறில் மறந்தேன். மை தீர்ந்த பேனாவால் மடிப்புக் கோட்டை அழுத்தி இழுத்தால் மடிப்பு நேராக வரும். அது பெரியவள் வேலை. சின்னவள் ஸ்பூனால் மடிப்பைத் தேய்த்து, "இது மூணு, இது நாலு" என்று இரண்டு தட்டில் பிரித்து வைத்தாள். அதில் ஒரு தப்புக்கூட இல்லை.

எட்டு நாலுபக்கக் கூம்புகளை ஒட்டி முதலில் ஒரு வளையம். அதன் மேல் நாலும் மூன்றும் மாறி மாறி எட்டு, உச்சியில் ஒன்று. கீழேயும் அப்படியே எட்டு. அடிச் சதுரம் மட்டும் திறப்பு. கடைசிக் கூம்புகளை ஒட்டும்போது உள்ளேயிருந்து விரலால் அழுத்த வேண்டும். அந்தத் திறப்பில் என் கை நுழையவில்லை, பெரியவள் கையும் நுழையவில்லை. சின்னவள் கைதான் நுழைந்தது. நீஸ்கியில் பையன்களிடம் கொடுத்தது பாடத்துக்காக மட்டும்தானா என்று அப்போது ஒரு சந்தேகம் வந்தது!

நடுவில் மகன் வந்து தரையில் உட்கார்ந்தான். யாரும் சொல்லித் தராமலே நாலுபக்கக் கூம்பு ஒன்றை மடித்துவிட்டான்.

"எப்படிடா?"

"ஸ்கூல்ல டிசம்பர் பூரா இந்த மாதிரி ஏதாவது செஞ்சுகிட்டே இருப்போம்ப்பா. நீங்க வர்றப்ப காட்டணும்னு டிரங்குப் பெட்டியில எடுத்து வைப்பேன். நீங்க வர்றதுக்குள்ள நசுங்கிப் போயிரும்."

சொல்லிவிட்டு அடுத்த கூம்பை எடுத்தான். சின்னவள், "தாத்தா, பசை காயுது" என்றாள்.

அன்று ராத்திரி வாசலில் எல்.இ.டி. பல்பு போட்டுத் தொங்கவிட்டோம். பழைய குண்டு பல்பு சூட்டுக்குக் காகிதம் தாங்காது. செய்து பார்க்கும் தம்பி தங்கைகள் அதை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். எங்கள் நட்சத்திரத்தில் ஒரு முனை கோணல்தான். அதை மாற்ற வேண்டாம் என்று மகன் சொல்லிவிட்டான்.