தகுதியுள்ள பாதுகாப்பு ஆலோசகர் (பெரிய பிரித்தானியா)

தகுதியுள்ள பாதுகாப்பு ஆலோசகர் என்பவர், பணியாளர்களின் உடல்நலத்தையும் பாதுகாப்பையும் காப்பது தொடர்பான சட்டக் கடமைகளை நிறைவேற்ற வேலை வழங்குநருக்கு உதவும் பொருட்டு அமர்த்தப்படும் நபர் ஆவார். இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து ஆகியவை அடங்கிய பெரிய பிரித்தானியாவில், 1999ஆம் ஆண்டின் பணியிட உடல்நல, பாதுகாப்பு மேலாண்மை விதிகளின் 7ஆம் விதி, இத்தகைய ஒருவரையோ பலரையோ அமர்த்துவதைக் கட்டாயமாக்குகின்றது. விதிகளில் இவர் "தகுதியுள்ள நபர்" என்றே குறிக்கப்படுகின்றார். ஆலோசகர் என்பது வழக்கில் உள்ள பெயர். அறிவுரை கூறுவதே இவரது பணி. பொறுப்பு வேலை வழங்குநரிடமே இருக்கும்.

சட்டப் பின்னணி

பிரித்தானியாவில் 1970 வரை தொழிற்சாலை, சுரங்கம், வேளாண்மை, அலுவலகம் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சட்டங்கள் இருந்தன. எந்த இயந்திரத்துக்கு எத்தகைய தடுப்பு வேண்டும் என்பது வரை அவை விரிவாகக் கூறின. புதிய தொழில்நுட்பங்கள் வரும்போதெல்லாம் அவை பின்தங்கின. இதனை ஆராய ராபென்ஸ் பிரபுவின் தலைமையில் 1970இல் அமைக்கப்பட்ட குழு 1972இல் அறிக்கை அளித்தது. (144 பேர், அவர்களுள் 116 பேர் குழந்தைகள், உயிரிழந்த 1966ஆம் ஆண்டின் அபர்வான் நிலக்கரிக் கழிவுச் சரிவின்போது தேசிய நிலக்கரி வாரியத்தின் தலைவராக இருந்தவர் இவரே என்பது இங்கு குறிப்பிடத்தக்கது.) ஆபத்தை உருவாக்குபவர்களும் அதனோடு பணிபுரிபவர்களுமே அதனைக் கட்டுப்படுத்தும் முதற்பொறுப்பை ஏற்க வேண்டும் என்பது அறிக்கையின் மையக் கருத்து ஆகும்.

இதன் அடிப்படையில் இயற்றப்பட்ட 1974ஆம் ஆண்டின் பணியிட உடல்நல, பாதுகாப்புச் சட்டம், "நியாயமான அளவில் இயன்றவரை" பணியாளர்களின் பாதுகாப்பை உறுதி செய்யுமாறு வேலை வழங்குநரைப் பணிக்கின்றது. எவ்வாறு செய்வது என்பதைப் பெரும்பாலும் அவரிடமே விட்டுவிடுகின்றது. சட்டம் அளவுகளைக் கூறாதபோது அவற்றைக் கணித்துக் கூற ஒருவர் தேவைப்படுகின்றார். தகுதியுள்ள நபரின் தேவை இங்கிருந்தே எழுகின்றது. ஆயினும் அவரை அமர்த்தும் பொதுக் கடமை, 1989ஆம் ஆண்டின் ஐரோப்பிய நெறிமுறை ஒன்றைப் பின்பற்றி 1992இல் இயற்றப்பட்ட விதிகளிலேயே இடம்பெற்றது. 1999ஆம் ஆண்டின் விதிகள் அவற்றின் திருத்திய வடிவமாகும். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து ஐக்கிய இராச்சியம் 2020இல் வெளியேறிய பின்னரும் இக்கடமை நீடிக்கின்றது.

ஃபிலிக்ஸ்பரோ வெடிப்பு

தகுதியுள்ளவர் இல்லாதபோது என்ன நேரும் என்பதற்கு ஃபிலிக்ஸ்பரோ விபத்து அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகின்றது. கிழக்கு இங்கிலாந்தில் உள்ள இவ்வூரின் அருகே நைப்ரோ நிறுவனத்தின் ஆலை, நைலானுக்கு மூலப்பொருளான காப்ரோலாக்டத்தை உற்பத்தி செய்து வந்தது. எளிதில் தீப்பற்றும் சைக்ளோஹெக்சேன், ஏறத்தாழ 155 பாகை செல்சியஸ் வெப்பத்திலும் உயர் அழுத்தத்திலும், படிக்கட்டுப் போல ஒன்றைவிட ஒன்று சற்றுத் தாழ்வாக அமைந்த ஆறு உலைக்கலன்களின் வழியே பாய்ந்தது.

1974 மார்ச் இறுதியில் ஐந்தாம் கலனில் விரிசல் காணப்பட்டது. அதனை அகற்றிவிட்டு, நான்காம் கலனை ஆறாம் கலனுடன் தற்காலிகக் குழாயால் இணைத்து உற்பத்தியைத் தொடர முடிவு செய்தனர். கலன்களின் திறப்புகள் 28 அங்குல விட்டம் உடையவை. பொருத்தப்பட்ட குழாயோ 20 அங்குல விட்டம் உடையது. இரு கலன்களின் மட்டமும் வேறுபட்டதால், குழாய் இரு வளைவுகளுடன் பற்றவைக்கப்பட்டது. அதன் இரு முனைகளிலும், மடிப்புகள் கொண்ட பெல்லோஸ் எனப்படும் இணைப்புகள் இருந்தன. பட்டறைத் தரையில் சுண்ணக்கட்டியால் வரைந்ததே இக்குழாயின் வரைபடம். குழாயைத் தாங்கியது சாரக்கட்டு.

குழாய் அழுத்தத்தைத் தாங்குமா, போதிய நீர்மம் அதன் வழியே பாயுமா எனக் கணக்கிடப்பட்டது. ஆனால் அது நேர்க்குழாய்க்கு உரிய கணக்கு. வளைந்த குழாயில் அழுத்தம் ஏறும்போது, இரு முனைகளிலும் செயல்படும் விசைகள் ஒரே நேர்க்கோட்டில் அமையா. அவை குழாயைச் சுழற்ற முயலும். பெல்லோஸ் இத்தகைய பக்கவாட்டு விசைக்கு ஏற்றவை அல்ல. தாளில் இரு அம்புக்குறிகளை வரைந்து பார்க்கும் இயந்திரப் பொறியியல் மாணவருக்கும் இது விளங்கக்கூடியதே. ஆனால் ஆலைப் பொறியாளர் அவ்வாண்டின் தொடக்கத்தில் விலகிய பின் அவ்விடம் நிரப்பப்படவில்லை. சிக்கலான இயந்திரவியல் சிக்கல்களைக் கையாளும் தகுதி பெற்ற பொறியாளர் எவரும் அப்போது ஆலையில் இருக்கவில்லை. இருந்தவர்கள் அலட்சியமாக நடந்துகொண்டனர் என்று மட்டும் கூறிவிட இயலாது. தங்கள் அறிவின் எல்லைக்கு வெளியே ஒரு கேள்வி இருக்கின்றது என்பதே அவர்களுக்குத் தென்படவில்லை.

இரு மாதங்களுக்குப் பின், 1974 ஜூன் 1, சனிக்கிழமை மாலை 4.53 மணிக்குப் பெருவெடிப்பு நிகழ்ந்தது. 28 பேர் இறந்தனர். அவர்களுள் 18 பேர் கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள். சுற்றுவட்டாரத்தில் ஏறத்தாழ 1,800 வீடுகள் சேதமடைந்தன. வார நாளாக இருந்திருந்தால் உயிரிழப்பு மிகவும் கூடியிருக்கும். தற்காலிகக் குழாய் உடைந்ததே காரணம் என அரசு விசாரணை மன்றம் 1975இல் முடிவு செய்தது. வேறு கருதுகோள்களும் பின்னர் முன்வைக்கப்பட்டுள்ளன. வெடிப்பு நிகழ்ந்தபோது மேற்கூறிய 1974ஆம் ஆண்டுச் சட்டம் நாடாளுமன்றத்தின் பரிசீலனையில் இருந்தது. ஜூலை 31 அன்று அரச ஒப்புதல் பெற்றது.

யார் தகுதியுள்ளவர்?

போதிய பயிற்சியும், அனுபவம் அல்லது அறிவும், பிற பண்புகளும் உடையவர் தகுதியுள்ளவர் என விதி கூறுகின்றது. குறிப்பிட்ட பட்டமோ சான்றிதழோ வரையறுக்கப்படவில்லை. எனவே தகுதி என்பது பணியிடத்தைப் பொறுத்தது. துணிக்கடை ஒன்றுக்கு அதன் உரிமையாளரே போதுமானவராக இருக்கலாம். அதே நபர் கல்நார் அகற்றும் பணிக்கோ உயர் அழுத்தக் கலன்களுக்கோ தகுதியுள்ளவர் ஆகமாட்டார். தன் அறிவின் எல்லையை உணர்ந்து, அதற்கு அப்பாற்பட்டவற்றை உரிய வல்லுநரிடம் அனுப்புவதும் தகுதியின் ஒரு பகுதியாகவே கருதப்பட வேண்டும்.

தகுதியுள்ள பணியாளர் நிறுவனத்திலேயே இருப்பின், வெளியாரைவிட அவரையே அமர்த்த வேண்டும் எனவும் 7ஆம் விதி கூறுகின்றது. அன்றாடம் அங்கு நடமாடுபவருக்கு, இரவு முறையில் எந்தத் தடுப்பைக் கழற்றி வைக்கின்றார்கள் என்பது தெரிந்திருக்கும். அமர்த்தப்பட்டவருக்குப் போதிய நேரமும் வசதிகளும் அளிக்கப்பட வேண்டும்; பலர் இருப்பின் அவர்களிடையே ஒத்துழைப்பு வேண்டும். வெளியாருக்கு, அங்குள்ள ஆபத்துகள் பற்றிய தகவல்களைத் தருவதும் வேலை வழங்குநரின் கடமையாகும்.

பொறுப்பு

குற்ற வழக்கில், ஆலோசகர் தவறு செய்துவிட்டார் எனக் கூறி வேலை வழங்குநர் தப்பிக்க இயலாது. 21ஆம் விதி இதனைத் தெளிவாக மறுக்கின்றது. அதற்காக ஆலோசகர் முற்றிலும் விடுபட்டவர் அல்லர். ஒருவரது குற்றம் மற்றொருவரின் செயலால் நேர்ந்திருப்பின், அம்மற்றவர் மீதும் வழக்குத் தொடரலாம் என 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின் 36ஆம் பிரிவு கூறுகின்றது.

வெளி ஆலோசகர்கள்

ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்களைக் கொண்ட நிறுவனங்கள் தம் இடர் மதிப்பீட்டின் முக்கிய முடிவுகளை எழுத்தில் பதிய வேண்டும். இதனால் ஆலோசனை ஒரு தனித் தொழிலாக வளர்ந்தது. நிறுவனத்தின் பெயரை மட்டும் மாற்றி அளிக்கப்படும் ஆயத்த ஆவணங்களும் அதனோடு பெருகின. சிறு கடைகளுக்குத் தேவைக்கு மீறிய தாள்கட்டுகளும், ஆபத்தான ஆலைகளுக்குப் பொருந்தாத பொது அறிவுரைகளும் இவ்வாறே சென்று சேர்கின்றன. யங் பிரபு 2010 அக்டோபரில் அளித்த அறிக்கை, ஆலோசகர்களின் தகுதி குறித்துக் கவலை தெரிவித்தது. அதனைத் தொடர்ந்து, குறித்த தகுதிகள் உடைய ஆலோசகர்களின் பதிவேடு ஒன்று 2011 ஜனவரியில் தொடங்கப்பட்டது. அதில் சேர்வது ஆலோசகரின் விருப்பத்தைப் பொறுத்தது. பதிவு பெறாதவர்களும் இத்தொழிலைச் செய்யலாம் என்பதால், அமர்த்தப்படுபவர் தம் பணியிடத்துக்கு ஏற்றவரா என்பதை வேலை வழங்குநரே ஆராய வேண்டியுள்ளது.