வான்குதிப்பு: கருவி, பாதுகாப்பு, சட்டப் பொறுப்பு

ஸ்கைடைவிங் எனப்படும் வான்குதிப்பில், விமானத்திலிருந்து வெளியேறுபவர் சிறிது நேரம் பாராசூட்டை விரிக்காமல் விழுந்து, பின்னர் அதை விரித்துத் தரையிறங்குகிறார். 13,000 அடியில் குதித்தால் ஏறக்குறைய ஒரு நிமிடம், மணிக்கு 190 கி.மீ. வேகத்தில் விழலாம். இந்த விளையாட்டைப் பற்றிய கணக்கும் வழக்கும் அதிகம் சேர்ந்திருக்கும் நாடு அமெரிக்கா. அங்குள்ள பாராசூட் சங்கமான யுஎஸ்பிஏயின் பதிவுகளின்படி, 1970களில் ஆண்டுக்குச் சராசரியாக நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2023இல் 36 லட்சத்துக்கும் அதிகமான குதிப்புகளில் இறந்தவர்கள் 10 பேர். இந்தச் சரிவுக்குக் கருவிகளின் வளர்ச்சி முதன்மையான காரணம். எஞ்சியிருக்கும் விபத்துகளுக்கு யார் பதில் சொல்வது என்பதில்தான் சிக்கல். கருவியைத் தேர்ந்தெடுத்து, மடித்து, எந்த உயரத்தில் விரிப்பது என்று முடிவு செய்பவர் எவரோ, அவரே விளைவுக்கும் பொறுப்பு என்ற கொள்கை அமெரிக்க விமானப் போக்குவரத்து விதிகளில் ஊடாடி நிற்கிறது. குதிப்பதற்கு முன் கையெழுத்து வாங்கப்படும் பொறுப்புத் துறப்புப் படிவமோ, முடிவெடுப்பவரையும் முடிவெடுக்க வழியே இல்லாதவரையும் ஒரே தட்டில் வைக்கிறது. அது தவறு என்பதே இக்கட்டுரை முன்வைக்கும் வாதம்.

ரிக் என்று குதிப்பவர்கள் அழைக்கும் முதுகுப்பையில் இரண்டு பாராசூட்டுகள் உள்ளன: மெயின், ரிசர்வ். இன்று இரண்டுமே சதுர வகை. காற்றை உள்வாங்கி இறக்கை வடிவில் விறைக்கும் இந்த அமைப்புக்கு 1966இல் டொமினா ஜால்பர்ட் காப்புரிமை பெற்றார். வட்டப் பாராசூட்டில் தொங்கியவர் பெரும்பாலும் காற்று இழுத்த பக்கம் போனார். சதுரப் பாராசூட்டில் தொங்குபவர் அதை ஓட்டுகிறார். இந்த மாற்றம் ஒரு வசதியாகத் தொடங்கிப் பொறுப்பையும் இடம் மாற்றியது என்பதைப் பின்னர் பார்க்கலாம். மெயின் சரியாக விரியாவிட்டால் அதை உடலிலிருந்து கழற்றிவிட்டு ரிசர்வை விரிக்க வேண்டும். பழைய கேப்வெல் கொக்கிகளில் இரண்டு தோள்களிலும் தனித்தனியே திறந்து இழுக்க வேண்டியிருந்தது. சுழன்றுகொண்டே விழும் ஒருவருக்கு அது எளிதல்ல. 1970களின் நடுவில் பில் பூத் வடிவமைத்த மூவளைய அமைப்பு இதை மாற்றியது. ஒன்றுக்குள் ஒன்று மடங்கி நிற்கும் மூன்று உலோக வளையங்களில், ஒவ்வொரு வளையமும் தன்மேல் விழும் பாரத்தைக் குறைத்து அடுத்ததற்குக் கடத்துகிறது. கடைசியில் ஒரு சிறு துணிக் கண்ணியும் அதனூடே செல்லும் கம்பியும் மட்டுமே எல்லாவற்றையும் தாங்குகின்றன. வலப்பக்கக் கைப்பிடியை ஒருமுறை இழுத்தால் இரு தோள்களும் சேர்ந்தே விடுபடும். நெம்புகோல் தத்துவத்தின் இவ்வளவு எளிய பயன்பாடு இத்தனை உயிர்களைக் காத்த இடங்கள் அதிகம் இல்லை.

அடுத்த பாய்ச்சல் 1991இல் ஜெர்மனியில் ஹெல்முட் க்ளோத் கொண்டுவந்த சைப்ரஸ் என்ற தானியங்கித் திறப்பான். ஏஏடி என்ற பொதுப்பெயரால் அறியப்படும் இக்கருவி காற்றழுத்தத்தைக் கொண்டு உயரத்தையும் விழும் வேகத்தையும் இடைவிடாமல் கணிக்கிறது. அனுபவமுள்ளவர்களுக்கான வகை, ஏறத்தாழ 750 அடி உயரத்திலும் ஒருவர் மணிக்கு 125 கி.மீ.க்கு மேற்பட்ட வேகத்தில் விழுந்துகொண்டிருந்தால், ஒரு சிறு வெடிமருந்துக் கத்தியால் ரிசர்வ் பையின் கண்ணியை அறுத்துவிடும். இதற்கு முந்தைய இயந்திர வகைகள் வேண்டாத நேரத்தில் திறந்துகொண்டதால் அனுபவசாலிகள் அவற்றை ஒதுக்கினர். சைப்ரஸ் அந்த அவநம்பிக்கையைப் போக்கியது. பாராசூட்டை விரிக்காமலோ மிகத் தாழ்வில் விரித்தோ இறப்பவர்களின் எண்ணிக்கை அதன்பின் வெகுவாகக் குறைந்தது.

ஆனால் அதே 1990களில் இன்னொரு வகைச் சாவு முன்னுக்கு வந்தது. எந்தக் குறையும் இல்லாமல் விரிந்த பாராசூட்டின் கீழே, தரையிறங்கும்போது இறப்பது. சிறிய, நீள்வட்ட வடிவப் பாராசூட்டுகள் வேகமானவை. தாழ்வில் ஒரு பக்கக் கயிற்றை இழுத்துத் திரும்பினால் அவை செங்குத்தாகப் பாயும். கணக்கு சில மீட்டர் பிசகினாலும் மீள இடமில்லை. எடைக்கு ஏற்ற பரப்பளவைக் காட்டும் விகிதத்தைத் தொடக்க உரிமக்காரர் சதுர அடிக்கு ஒரு பவுண்டுக்கு மேல் கொண்டுபோகக் கூடாது என்பது பொதுவான பரிந்துரை. அதை மீற முனைபவர்கள் எப்போதும் உண்டு. கருவி எவ்வளவு பாதுகாப்பாகிறதோ அவ்வளவுக்குக் குதிப்பவர்களும் ஆபத்தைக் கூட்டி, சாவு விகிதத்தை மாறாமல் வைத்துக்கொள்வார்கள் என்று பில் பூத்தே சொல்லியிருக்கிறார். கார்ப் பாதுகாப்பு விதிகளைப் பற்றி 1975இல் பொருளியலாளர் சாம் பெல்ட்ஸ்மன் வைத்த வாதமும் இதே தடத்தில் செல்வது. பூத்தின் கூற்று பாதிதான் சரி. விகிதம் மாறாமல் இல்லை, வெகுவாகக் குறைந்திருக்கிறது. எஞ்சிய சாவுகளின் தன்மையைப் பொறுத்தவரை அவர் சொன்னது பொருந்துகிறது: கருவி கைவிட்டதால் நேர்வது அருகிவிட்டது, குதிப்பவர் தாமே செய்த தேர்வால் நேர்வது மிஞ்சியிருக்கிறது. 2013இல் அனுபவசாலிகளுக்கான குறைந்தபட்சத் திறப்பு உயரத்தை யுஎஸ்பிஏ 2,000 அடியிலிருந்து 2,500 அடியாக உயர்த்தியதும் குதிப்பவரின் தேர்வால் நேரும் ஆபத்தைக் குறைக்கும் முயற்சியே. புதிய பாராசூட்டுகள் மெதுவாக விரிவதால், தாழ்வில் விரிப்பவருக்கு மெயின் விரிந்துகொண்டிருக்கும்போதே ஏஏடி ரிசர்வையும் திறந்துவிடும் வாய்ப்பு இருந்தது.

எஞ்சிய ஆபத்து பெரும்பாலும் குதிப்பவரின் தேர்வில் இருக்கிறது என்ற உண்மையை அமெரிக்க விதிகள் நன்றாகவே உள்வாங்கியிருக்கின்றன. விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏயின் விதித்தொகுப்பில் 105ஆம் பகுதி பாராசூட் குதிப்புக்கு உரியது. ரிசர்வும், பாராசூட்டை உடலோடு பிணைக்கும் பட்டைகளான ஹார்னஸும் அரசுத் தரச்சான்று பெற்றிருக்க வேண்டும். செயற்கை இழையாலான ரிசர்வை 180 நாளுக்கு ஒருமுறை ரிக்கர் எனப்படும் உரிமம் பெற்ற மடிப்பாளர் பிரித்துப் பார்த்து மடித்து, தன் முத்திரையிட்டு மூட வேண்டும். மெயினுக்கோ தரச்சான்றே தேவையில்லை. அடுத்து அதைக் கொண்டு குதிக்கப்போகிறவர் தாமே மடித்துக்கொள்ளலாம். தனியாகக் குதிப்பவருக்கு ஏஏடியும் இவ்விதியால் கட்டாயமில்லை. மேலோட்டமாகப் பார்த்தால் இது அலட்சியம்போலத் தோன்றும். உண்மையில் இது ஒரு தெளிவான பிரிவினை. மெயின் உன் தேர்வு, உன் கைவேலை. அது தவறினால் உனக்கென்று ஒன்று இருக்க வேண்டும், அதை உன் பொறுப்பில் விடமாட்டோம் என்பதே விதியின் நிலை. தன் பாராசூட்டைத் தானே தேர்ந்து, தானே மடித்து, தாழ்வில் திருப்பிக் காலை முறித்துக்கொண்ட உரிமதாரர் வான்குதிப்பு மைதானத்தின் உரிமையாளர்மேல் வழக்குப் போட்டால், அவர் முன்பு கையெழுத்திட்ட படிவத்தை நீதிமன்றம் நீட்டுவது நியாயமே.

டேண்டம் குதிப்பு வேறு. பயிற்றுநரின் ஹார்னஸோடு மாணவரின் ஹார்னஸைக் கொக்கியிட்டு, ஒரே பெரிய பாராசூட்டில் இருவரும் இறங்கும் முறை இது. 1984இல் எஃப்ஏஏ விதிவிலக்கின் பேரில் சோதனை முயற்சியாகத் தொடங்கி, 2001 திருத்தத்தில்தான் விதிப்புத்தகத்துக்குள் முறையாக வந்தது. இருவரின் எடை சேர்ந்து வேகம் கூடிவிடாமல் தடுக்க, ட்ரோக் என்ற சிறு பாராசூட் விழும் நேரம் முழுதும் பின்னால் இழுத்துக்கொண்டிருக்கும். இங்கே ஏஏடி கட்டாயம். பயிற்றுநருக்குக் குறைந்தது மூன்று ஆண்டு அனுபவம், சதுரப் பாராசூட்டில் 500 குதிப்புகள், உயர்நிலை உரிமம், தனிப் பயிற்சிச் சான்று ஆகியவை வேண்டும். அவரை விதி ‘பொறுப்பாளர்’ என்கிறது, முன்னால் தொங்குபவரைப் ‘பயணி’ என்கிறது. அரைமணி நேர விளக்கம் கேட்டுவிட்டு விமானம் ஏறும் பயணிக்குப் பாராசூட்டின் வகை தெரியாது, மடித்தவர் யாரென்று தெரியாது, கழற்றிவிட வேண்டுமா என்ற முடிவிலும் பங்கில்லை. டாக்ஸியின் பின் இருக்கையில் அமர்ந்தவருக்கும் அவருக்கும் இந்த வகையில் வேறுபாடு சொற்பம்.

இருந்தும் அவர் கையெழுத்திடும் படிவம் உரிமதாரருடையதைப் போன்றது, பெரும்பாலும் அதைவிட நீளமானது. காயம், சாவு, நிறுவனத்தின் கவனக்குறைவு எதற்கும் வழக்குத் தொடுக்க மாட்டேன் என்று பத்திக்குப் பத்தி முதலெழுத்துகள் வாங்கப்படும். பல மைதானங்களில் நீண்ட தாடியுடன் பில் பூத்தே தோன்றி, குறையற்ற பாராசூட்டோ விமானமோ பயிற்றுநரோ இல்லை என்று எச்சரிக்கும் காணொளியும் போடப்பட்டது. நேர்மையான எச்சரிக்கை அது, மறுக்க முடியாது. டேண்டம் மாணவர் 18 வயது நிரம்பியவராக இருக்க வேண்டும் என்ற விதியின் வேர் உடல்வலிமையில் இல்லை. சிறாரின் கையெழுத்து ஒப்பந்தச் சட்டத்தில் நிற்காது என்பதில் இருக்கிறது. இந்தத் தொழிலின் வடிவத்தை அந்தக் காகிதம் எந்த அளவுக்குத் தீர்மானிக்கிறது என்பதற்கு இதற்குமேல் சான்று வேண்டியதில்லை.

நீதிமன்றங்கள் ஒரே குரலில் பேசவில்லை. 1979இல் நியூயார்க் மாநிலத்தின் உச்ச அமைப்பான மேல்முறையீட்டு நீதிமன்றம், முதல் குதிப்பிலேயே காலில் அடிபட்ட மாணவர் ஒருவரின் வழக்கைத் தள்ள மறுத்தது. படிவத்தில் ‘கவனக்குறைவு’ என்பது வெளிப்படையாகச் சொல்லப்படவில்லை என்பது காரணம். அதன்பின் வந்த படிவங்களில் அச்சொல் பெரிய எழுத்தில் வந்ததில் வியப்பில்லை. 1981இல் கொலராடோ உச்ச நீதிமன்றம், குதிக்கக் கொண்டுசென்ற விமானமே விழுந்த வழக்கிலும் படிவம் செல்லும் என்றது. கையெழுத்திட்டபோது வழக்குத் தொடுத்தவருக்கு வயது 17. 18 ஆன பின்னும் அந்த வான்குதிப்பு நிறுவனத்தின் சேவையைத் தொடர்ந்து பயன்படுத்தியதால் ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டவர் ஆகிறார் என்பது தீர்ப்பு. மருத்துவமனை நோயாளியிடம் வாங்கும் துறப்பு செல்லாது என்று 1963இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. ஆனால் மின்கம்பியில் சிக்கிய முதல்முறை மாணவரின் வழக்கில் 1985இல் அம்மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம், மருத்துவம்போல் வான்குதிப்பு இன்றியமையாத சேவை அல்ல, வேண்டாம் என்றால் விலகியிருக்கலாம் என்று வேறுபடுத்தியது. 2007இல் அதே மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் கடுமையான கவனக்குறைவை எந்தப் படிவமும் மறைக்காது என்று எல்லை வகுத்தது. இத்தீர்ப்புகளில் ஒன்றுகூட, காயம்பட்டவருக்கு அந்தக் கணத்தில் முடிவெடுக்கும் அதிகாரம் இருந்ததா என்று மையமாகக் கேட்கவில்லை. சேவை அத்தியாவசியமா, எழுத்து தெளிவா என்பவை ஒப்பந்தத்தைப் பற்றிய கேள்விகள். விபத்தைப் பற்றியவை அல்ல.

கலிபோர்னியாவின் லோடியில் 2016 ஆகஸ்டில் நடந்த டேண்டம் விபத்து இந்த இடைவெளியைக் காட்டுகிறது. பாராசூட் விரியாமல் 18 வயது மாணவரும் பயிற்றுநரும் இறந்தனர். பயிற்றுநருக்கு உரிய சான்று இல்லை என்பது பின்னர் தெரிந்தது. அவரைப் பயிற்றுவித்தவர், தம் சொந்தத் தகுதி நிறுத்திவைக்கப்பட்டிருந்தபோது வேறொருவரின் கையொப்பத்தைக் கொண்டு சான்றுகள் வழங்கியவர். கூட்டாட்சி நீதிமன்றத்தில் மோசடிக் குற்றத்துக்காக அவர் தண்டிக்கப்பட்டார். மாணவரின் பெற்றோருக்கு 4 கோடி டாலர் வழங்க 2021இல் நீதிமன்றம் உத்தரவிட்டது. படிவத்தை வரிவரியாகப் படித்துக் கையெழுத்திட்டிருந்தாலும், தன் பயிற்றுநரின் சான்று செல்லுமா என்று அறிய ஒரு மாணவருக்கு வழியில்லை.

படிவம் இல்லாவிட்டால் சிறு மைதானங்கள் மூடப்படும், காப்பீடு எட்டாத விலையில் இருக்கிறது என்பது தொழில் தரப்பின் முதல் மறுப்பு. அமெரிக்க நிலவரத்தைப் பொறுத்தவரை இதில் உண்மை உண்டு. யுஎஸ்பிஏ உறுப்பினர் கட்டணத்தோடு வரும் 50,000 டாலர் காப்பீடு மூன்றாம் தரப்புக்கானது. வழிதவறி ஒரு விவசாயியின் கார்மேல் இறங்கினால் காருக்கு ஈடு கிடைக்கும், முன்னால் தொங்கிய பயணியின் முதுகெலும்புக்குக் கிடைக்காது. ஆனால் இது அமெரிக்கா தேர்ந்துகொண்ட ஏற்பாடு, விளையாட்டின் இயல்பு அல்ல. பிரிட்டனில் 1977ஆம் ஆண்டின் நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டம், கவனக்குறைவால் நேரும் சாவுக்கும் காயத்துக்குமான பொறுப்பை வணிக நிறுவனம் எந்த ஒப்பந்தத்தாலும் துறக்க முடியாது என்றது. நுகர்வோரைப் பொறுத்தவரை 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் அதையே சொல்கிறது. அங்கே டேண்டம் குதிப்பு அழியவில்லை, அறக்கொடை திரட்டுவதற்கே அதை ஏற்பாடு செய்கிறார்கள். நியூசிலாந்து வேறு வழியில் போனது. 1974 முதல் அங்கே தனிநபர் காயத்துக்கு அரசு நிதியே ஈடு தருகிறது, இழப்பீட்டு வழக்குக்குப் பெரும்பாலும் இடமில்லை. அதற்கு ஈடாக 2011இல் வந்த சாகச விமானச் சேவை விதி, டேண்டம் நிறுவனங்களைச் சான்றளிப்புக்கும் ஆய்வுக்கும் உட்படுத்தியது. குயின்ஸ்டவுனிலும் டௌபோவிலும் இன்றும் சுற்றுலாப் பயணிகள் குதித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இரண்டாவது மறுப்பு எண்ணிக்கையைக் காட்டுவது: டேண்டத்தில் ஏறக்குறைய ஐந்து லட்சம் குதிப்புக்கு ஒரு மாணவர் இறப்பதாகவே சங்கம் கணக்கிடுகிறது, இவ்வளவு அரிதானதற்கு ஏன் தனிச்சட்டம் என்பார்கள். அரிதாக இருப்பதே காப்பீட்டாளருக்குச் சாதகம். பொறுப்பை நிறுவனத்தின்மேல் வைத்தாலும் ஒரு குதிப்புக்கு விழும் கூடுதல் செலவு கட்டணத்தில் அடங்கிவிடக்கூடியது. ஆபத்தைத் தெரிந்துதானே வந்தார் என்ற மூன்றாவது மறுப்புக்குப் பதில் சுருக்கமானது. ஈர்ப்புவிசைக்கும் காற்றுக்கும் அவர் சம்மதித்தார், மடிக்கத் தெரியாதவர் மடித்ததற்குச் சம்மதித்தார் என்று சொல்ல முடியாது.

கனமான மறுப்பு நான்காவது. வழக்கு அச்சம் கூடினால் பயிற்றுநர்கள் தவறுகளை வெளியே சொல்ல மாட்டார்கள், அப்போது மற்றவர்கள் கற்றுக்கொள்ளவும் முடியாது என்பது. வான்குதிப்பின் பாதுகாப்பு வளர்ந்ததே விபத்து அறிக்கைகளை எல்லோரும் படித்ததால்தான் என்பதால் இதை எளிதில் ஒதுக்க முடியாது. படிவம் இருக்கும் இன்றைய நிலையிலும் வழக்கறிஞரின் அறிவுரைப்படி வாய்மூடிக்கொள்ளும் மைதானங்கள் உண்டு, ஆகவே படிவம் இந்த நோய்க்கு மருந்தாகவும் இல்லை. விமானிகளுக்கு இதற்கொரு வழி ஏற்கெனவே இருக்கிறது. எஃப்ஏஏக்காக நாசா 1976 முதல் நடத்திவரும் அறிக்கைத் திட்டத்தில், விபத்தில் முடியாத தவறுகளை ஒருவர் எழுதி அனுப்பினால் அவர் பெயர் நீக்கப்படுகிறது, அறிக்கை அவர்மேல் நடவடிக்கைக்குப் பயன்படுத்தப்படுவதில்லை. விபத்து நேர்ந்தபின் ஈடு கொடுக்கும் பொறுப்பும், விபத்துக்கு முன் தவறைச் சொல்வதற்கான பாதுகாப்பும் அங்கே வெவ்வேறு வாயில்கள். டேண்டம் பயிற்றுநர்களுக்கும் அப்படியொரு வாயிலைத் திறந்துவிட்டு, பயணியிடம் வாங்கும் துறப்பை மட்டும் செல்லாததாக்குவதில் சட்டத் தடை எதுவும் இல்லை. மாநிலச் சட்டமன்றங்கள் தனித்தனியே செய்ய வேண்டிய வேலை அது.