கம்பெனி லாபத்தில் ஊழியருக்குப் பங்கு: கிரீஷ் மாத்ருபூதம் சொன்னது என்ன, டெல்லி போட்ட சட்டம் சொல்வது என்ன?

2021 செப்டம்பர் 22. அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச்சந்தையில் ஃப்ரெஷ்வொர்க்ஸ் பட்டியலானது. திருச்சியில் வளர்ந்து, 2010-ல் சென்னையில் இந்த கம்பெனியைத் தொடங்கி, பிறகு கலிஃபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தவர் கிரீஷ் மாத்ருபூதம். ஒரு பங்கு 36 டாலர் என்று விற்று, 100 கோடி டாலருக்கு மேல் திரட்டினார்கள். முதல் நாள் முடிவில் விலை 47 டாலரைத் தாண்டியது.

அன்று செய்தியானது அந்தத் தொகை மட்டுமல்ல. இந்தியாவில் 500-க்கும் மேற்பட்ட ஊழியர்கள் கோடீஸ்வரர்கள் ஆனார்கள், அவர்களில் 70 பேர் வரை 30 வயதுக்கும் கீழே என்று கிரீஷ் சொன்னார். ஊழியர்களில் 76 சதவீதம் பேரிடம் கம்பெனியின் பங்கு இருந்தது.

கிரீஷின் வாதம் என்ன?

நான் ஒருவன் பிஎம்டபிள்யூ வாங்குவதற்காக கம்பெனி ஆரம்பிக்கவில்லை, எல்லோரும் வாங்க வேண்டும் என்பதுதான் அவர் பேட்டிகளில் சொன்னதன் சாரம். கம்பெனியைக் கட்டியவர்கள் ஊழியர்கள். நிறுவனரும் முதலீட்டாளரும் மட்டும் பணக்காரர் ஆனால் அது நியாயமில்லை என்பது அவர் பார்வை.

இப்படி யோசித்த குடியேறி இவர் மட்டும் இல்லை. துருக்கியிலிருந்து அமெரிக்கா போய் சோபானி தயிர் கம்பெனியை உருவாக்கிய ஹம்தி உலுகாயா, 2016-ல் சுமார் 2,000 முழுநேர ஊழியர்களுக்கு 10 சதவீதம் வரை பங்கு தருவதாக அறிவித்தார். ஐடி இன்ஜினியர்களுக்கு மட்டுமல்ல, தயிர் ஆலைத் தொழிலாளிக்கும் இது பொருந்தும் என்று காட்டிய முடிவு அது.

பங்கு கொடுப்பதும் லாபம் கொடுப்பதும் ஒன்றா?

இல்லை. இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். லாபப் பங்கு என்றால் இந்த வருடம் கம்பெனி சம்பாதித்ததில் ஒரு பகுதி, பணமாகக் கையில் வரும். இசாப் என்பது குறிப்பிட்ட விலையில் பங்கு வாங்கும் உரிமை. நாளைக்கு விலை ஏறினால்தான் காசு.

ஏறாவிட்டால்? நொய்டாவில் இருக்கும் பேடிஎம், 2021 நவம்பரில் ஒரு பங்கை 2,150 ரூபாய்க்கு விற்றது. பட்டியலான முதல் நாளே விலை சுமார் 27 சதவீதம் விழுந்தது. ஃப்ரெஷ்வொர்க்ஸ் பங்கும் 2022-ல் 20 டாலருக்குக் கீழே இறங்கியது. முதலில் விற்றவருக்கும் காத்திருந்தவருக்கும் கிடைத்தது ஒன்றல்ல.

சட்டப்படி என்ன கிடைக்கும்?

நாடாளுமன்றம் 1965-லேயே போனஸ் சட்டம் கொண்டுவந்தது. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில், கம்பெனி நஷ்டத்தில் இருந்தாலும் குறைந்தது 8.33 சதவீதம், லாபம் நன்றாக இருந்தால் அதிகபட்சம் 20 சதவீதம். அந்த 8.33 என்பது பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது ஒரு மாதச் சம்பளக் கணக்கு. ஆனால், மாதச் சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டியவர்களுக்கு இது கட்டாயமில்லை என்று 2015-ல் திருத்தினார்கள். 2025 நவம்பர் 21 முதல் ஊதியச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்தது. சதவீதங்கள் அப்படியே இருக்கின்றன. சம்பள உச்சவரம்பை மட்டும் அரசு அறிவிக்கும் என்று விட்டிருக்கிறார்கள்.

அதாவது, குருகிராமிலோ ஓ.எம்.ஆரிலோ 60,000 ரூபாய் வாங்கும் உங்களுக்கு லாபத்தில் பங்கு என்பது சட்ட உரிமை இல்லை. கம்பெனி மனசு வைத்தால்தான் உண்டு.

வரி எப்போது கட்டணும்?

உங்களுக்கு 100 ரூபாய் விலையில் 1,000 பங்கு வாங்கும் உரிமை இருக்கிறது, அன்றைய மதிப்பு 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வாங்க 1 லட்சம் கட்டுகிறீர்கள். மிச்சம் 4 லட்சம் சம்பளமாகவே கணக்கிடப்படும். 30 சதவீத வரம்பில் இருந்தால் 1.2 லட்சம் வரி, அதற்கு மேல் செஸ். கம்பெனி பட்டியலாகாவிட்டால் பங்கை உடனே விற்கவும் வழியில்லை. ஆக, 2.2 லட்சத்துக்கு மேல் கைக்காசு போயிருக்கும், வந்தது வெறும் கணக்குதான்.

2020 பட்ஜெட்டில் இதற்கு ஒரு சலுகை வந்தது. தகுதிச் சான்று பெற்ற ஸ்டார்ட்அப்களில் இந்த வரியைச் சுமார் 5 வருடம் தள்ளிப்போடலாம். அதற்குள் பங்கை விற்றாலோ வேலையை விட்டாலோ அப்போதே கட்ட வேண்டும்.

பங்கு இருந்தால் வேலைக்கு உத்தரவாதமா?

2024 நவம்பரில் ஃப்ரெஷ்வொர்க்ஸ் சுமார் 660 பேரை, அதாவது 13 சதவீத ஊழியர்களைக் குறைப்பதாக அறிவித்தது. அதே நேரத்தில் 40 கோடி டாலர் வரை சொந்தப் பங்குகளைத் திரும்ப வாங்கும் திட்டத்தையும் அறிவித்தது. அப்போது கிரீஷ் சிஇஓ பொறுப்பில் இல்லை, நிர்வாகத் தலைவராக இருந்தார்.

கிரீஷ் முன்பு வேலை பார்த்த ஸோஹோவின் ஸ்ரீதர் வேம்பு, கம்பெனி பெயரைச் சொல்லாமல் இதைக் கடுமையாக விமர்சித்தார். கையில் பணமும் வளர்ச்சியும் இருக்கும்போது ஆட்களைக் குறைக்கும் நிறுவனம், ஊழியர்களிடம் விசுவாசத்தை எதிர்பார்க்கக் கூடாது என்றார். இவரும் அமெரிக்காவில் பல வருடம் இருந்தவர், பிறகு தென்காசிக்குத் திரும்பியவர். ஸோஹோ பங்குச்சந்தைக்கே போகவில்லை. பங்கைக் கொடுப்பதா, வேலையைக் காப்பதா, ஊழியருக்கு எது பெரிய மரியாதை என்பதில் இரு தரப்பும் வேறு வேறு இடத்தில் நிற்கிறது.

ஆஃபர் லெட்டரில் எதைப் பார்க்கணும்?

இசாப் தருகிறோம் என்றால் நான்கு கேள்வி கேளுங்கள். எந்த விலைக்கு வாங்க வேண்டும்? எத்தனை வருடத்தில் முழுதாக என் கைக்கு வரும்? (சட்டப்படி குறைந்தது ஒரு வருடம் காத்திருக்க வேண்டும்.) வேலையை விட்டால் வாங்குவதற்கு எத்தனை நாள் அவகாசம்? இதுவரை கம்பெனி ஊழியர்களிடமிருந்து பங்கைத் திரும்ப வாங்கியிருக்கிறதா? நாலுக்கும் எழுத்தில் பதில் வரும்வரை, அந்தத் தொகையை உங்கள் சிடிசி-யில் சேர்த்து வீட்டுக் கடன் கணக்குப் போடாதீர்கள்.