கொடையும் நிபந்தனையும்: ஈழத்துச் சுகாதார மானிய வரலாறு பற்றிய ஒரு நோக்கு

நெடுந்தீவிலே கடும் நோயுற்ற ஒருவரை யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்வதாயின், முதலிற் கடல் தாண்டிக் குறிகட்டுவான் இறங்குதுறையை அடைதல் வேண்டும். அங்கிருந்து புங்குடுதீவு, வேலணை ஆகியவற்றினூடாகத் தாம்போதிகளைக் கடந்து பட்டினம் சேர வேண்டும். வைத்தியம் பெறுவதற்கு முன்னரே அந்நோயாளி கடந்தாக வேண்டிய தூரம் இது. சுகாதாரத்துக்கெனப் பணம் வழங்குவோரின் கணக்கில் இத்தூரம் எவ்விடத்தே இடம்பெறுகின்றது என்பதே இக்கட்டுரையை எழுதத் தூண்டிய வினாவாகும்.

பெரியாஸ்பத்திரியின் தோற்றமே கொடையோடு தொடர்புடையது. அரசாங்க அதிபராகவிருந்த பேர்சிவல் அக்லண்ட் டைக் 1850 இல் அதற்கு வித்திட்டார். பிறென்ட்-இன்-நீட் சங்கம் எனும் தரும சங்கமே 1907 இல் அரசாங்கம் பொறுப்பேற்கும்வரை அதனை நடத்தியது. மானிப்பாயில் டொக்டர் கிறீன் நிகழ்த்திய பணி அமெரிக்க மிஷனின் பணத்தில் எழுந்ததாயினும், 1864 முதல் அவர் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தமையால் அதன் பயன் மிஷனின் எல்லையைக் கடந்து சென்றது. இவை பலரும் எழுதியவை; விரிப்பின் பெருகும்.

மானியம் வழங்குதலை ஒரு நிருவாகக் கலையாகவே வளர்த்தெடுத்தது றொக்பெல்லர் நிதியம் ஆகும். 1913 இல் அமெரிக்காவில் நிறுவப்பெற்ற அது, 1916 இல் மாத்தளைத் தோட்டங்களில் கொழுக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தை ஆரம்பித்தது. நோயாளிக்கு உதவுதல் அன்று அதன் கொள்கை. வழிகாட்டி விலகுதலே கொள்கை. ஓரிடத்திற் செய்து காட்டல், செலவில் ஒரு பங்கை உரியோரை ஏற்கச் செய்தல், காலப்போக்கில் முழுப் பொறுப்பையும் அவர்களிடமே ஒப்படைத்தல் என்பது அதன் முறை. இம்முறையிற் குறைகாண்பது எளிதன்று. வெளியார் பணம் என்றும் நிலைக்காது என்னும் உண்மையை அது முற்கூட்டியே ஒப்புக்கொள்கின்றது.

ஆயின் நிபந்தனை யார்மீது விழுந்தது என்பது ஈண்டு நோக்கற்பாலது. மருந்து உடலிலுள்ள புழுவை வெளியேற்றும், மண்ணிலுள்ளதை அகற்றாது. வெறுங்காலோடு கொழுந்து பறிப்போர் அதே மண்ணை மிதிக்குமிடத்து நோய் மீண்டும் பற்றும். எனவே மலசலகூடங்கள் கட்டப்பெறல் வேண்டும் என நிதியம் வற்புறுத்தியது. தோட்டத் துரைமாரோ மருந்தை விரும்பினர். கட்டடச் செலவை விரும்பிலர். நோயற்ற தொழிலாளி கூடுதலாக உழைப்பான் என்ற கணக்கு அவர்களுக்கு விளங்கிற்று. அவன் வாழும் லயத்தின் அருகே ஒரு குழி வெட்டும் கணக்குத்தான் விளங்கவில்லை போலும். நிதியத்துக்கும் துரைமாருக்குமிடையே நிகழ்ந்த இவ்வாதாட்டத்திலே, தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளி ஒரு தரப்பாகக் கருதப்படவேயில்லை. பிறர் நிறைவேற்றாத நிபந்தனையின் விளைவை அவனே தன் உடலில் தாங்கினான்.

இவ்வனுபவத்தின் பின்னரே 1926 இல் களுத்துறையிற் சுகாதாரப் பிரிவு தொடங்கப்பெற்றது. தனியொரு நோயை விடுத்து, வரையறுத்த ஒரு பிரதேசத்தின் மகப்பேறு, குடிநீர், மலசலகூடம், தொற்றுநோய்த் தடுப்பு முதலியவற்றை ஒருங்கே கவனித்த அம்முறை, பின்னர் நாட்டின் பிற பகுதிகளுக்கும் பரவிற்று. ஈழத்தில் மானியம் ஈட்டிய மெய்யான வெற்றி இதுவெனலாம். பணம் நின்றபின்னும் அமைப்பு நின்றது.

செய்து காட்டுதற்குத் தெரிவாகும் இடம், மக்கள் செறிந்ததும் எளிதிற் சென்று பார்க்கத்தக்கதுமாக இருத்தலே கொடையாளர்க்கு வாய்ப்பானது. கொழும்புக்கு அண்மையிலுள்ள களுத்துறை அத்தகையது. சில ஆயிரம் மக்களே வாழும் நெடுந்தீவு அத்தகையதன்று. தலைக்கு இத்தனை ரூபாய் என வகுத்துப் பார்க்கும் எந்த விண்ணப்பத்திலும் தீவுகள் பின்னடைதல் இயல்பே. கட்டடத்துக்கு நிதி கேட்டல் எளிது. திறப்புவிழாவும் பெயர்க்கல்லும் அதற்குண்டு. படகுக்கு எண்ணெய், இரவில் அதனைச் செலுத்துவோனுக்குச் சம்பளம், தீவிலே தங்கிப் பணிபுரியும் மருத்துவிச்சிக்கு வீடு ஆகியவை ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப வரும் செலவுகள். அவற்றுக்குப் பெயர்க்கல் இல்லை. வாடைக்காற்றுக் காலத்திற் கடல் கொந்தளித்துப் படகு புறப்படாத நாளிலே, நெடுந்தீவு வைத்தியசாலையில் உள்ளவற்றைக் கொண்டே அந்நோயாளியைப் பேண வேண்டியுள்ளது.